பெரியவரின் வாயில் இன்னொரு முள்

விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்துவிட்டு, வண்டிக்காரர் சொல்லும் கதை நிஜம்தானா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. தெரிந்தவர்கள் எல்லோரும் அவரைச் சர்வேயர் என்றுதான் கூப்பிடுவார்கள். நிறுத்தி வைத்த வண்டியை எவனோ இடித்துவிட்டுப் போய்விட்டான் என்று எதிரில் ஒருவர் கண் கலங்கிக்கொண்டிருப்பார். இவரோ குனிந்து, பம்பரில் ஒட்டியிருக்கும் சுவர்ச் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பார். இதே பிழைப்பாக வருஷங்கள் ஓடியதில், வேலைக்கு வெளியேயும் எதையும் அப்படியே நம்ப அவரால் முடியாமல் போயிற்று. பால் திரிந்துவிட்டது என்று மனைவி சொன்னால்கூட, பாத்திரத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார்.

அப்படிப்பட்டவர் ஒரு ரகசியத்தை ஒருவனிடம் மட்டும் சொல்லியிருந்தார். மனைவியின் தம்பி, அவருடைய மச்சினன். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். சனிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்துதான் ஓடைக்குத் தூண்டில் போடப் போவார்கள்.

ரகசியம் ஒரு ட்ரவுட் மீன், குளிர்ந்த ஓடைகளில் வாழும் புள்ளி போட்ட ஜாதி. மூடிக் கிடக்கும் மாவு மில்லுக்குப் பின்னால் ஓடை வளைந்து, ஒரு மடுவாகத் தேங்கி நிற்கிறது. கரையில் சாய்ந்த மரத்தின் வேர்கள் தண்ணீருக்குள் கூடையைக் கவிழ்த்த மாதிரி இறங்கியிருக்கும். அந்த வேர்களுக்கு அடியிலிருந்து, குளிர் குறைந்த ஒரு காலையில், அது மெதுவாக வெளியே வந்ததைச் சர்வேயர் பார்த்தார். முதலில் ஊறிப்போன கட்டை என்றுதான் நினைத்தார். கட்டை வாயைத் திறந்து ஒரு பூச்சியை விழுங்கிவிட்டு மறுபடி உள்ளே போயிற்று. அன்றிலிருந்து அதற்குப் பெரியவர் என்று பெயர். போனில் பேசும்போது, "பெரியவர் எப்படி இருக்காரு?", "இன்னிக்கு பெரியவரைப் பார்க்க முடியலை" என்றுதான் பேசிக்கொள்வார்கள். கணவர் யாரோ ஓய்வுபெற்ற அதிகாரியின் யோசனை கேட்கப் போகிறார் என்று மனைவி வெகு நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை இருவரும் போனபோது மடுவின் கரையில் புல் மிதிபட்டிருந்தது.

மச்சினன் கவனிக்கவில்லை. சர்வேயர் கவனித்தார். மிதிபட்ட புல் இன்னும் வாடவில்லை. ஈர மண்ணில் செருப்புத் தடம் தேய்ந்து போயிருந்தது. ஆனால் பக்கத்தில் வட்டமாக ஒரு குழி, விரல் நுழைகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. தூண்டில் கம்பை நிறுத்தி வைக்க மண்ணில் குத்துகிற தாங்கி போட்ட குழி மாதிரி. அப்படி ஒரு தாங்கி அவரிடம் கிடையாது. மச்சினனிடம் உண்டு.

அவர் வாயைத் திறக்கவில்லை. அன்று மீனும் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஏதோ அந்தப் பக்கமாக வந்தவர் போல மச்சினனின் கடைக்குள் நுழைந்தார். கதவு கழற்றிய ஃப்ரிட்ஜுகள் சுவரோரமாக வாயைப் பிளந்து நின்றிருந்தன. மச்சினன் தரையில் உட்கார்ந்து ஒரு கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டிருந்தான். புறங்கையில் நீளமாக ஒரு கீறல்.

"கையில என்னடா?"

"தகரம் கிழிச்சிடுச்சு மாமா."

"எந்த ஃப்ரிட்ஜ்?"

மச்சினன் நிமிர்ந்து பார்த்தான். "என்ன மாமா, கேஸ் எழுதறீங்களா?"

"சும்மா கேட்டேன். வாரத்துக்கு நடுவுல மில்லு பக்கம் போனியா?"

"ஏன், பெரியவர் ஏதாவது சொன்னாரா?" என்று சிரித்தான் அவன். பிறகு சிரிப்பு நின்றது. "நீங்க போனீங்களா?"

கேள்விக்குக் கேள்வியையே பதிலாகக் கொடுப்பவனை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். முள்செடிக் கீறலுக்கும் தகரக் கீறலுக்கும் வித்தியாசம் தெரியும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு வெளியே வந்தார். வந்த பிறகுதான் உறைத்தது, மச்சினன் தன்னையும் அதே கண்ணால் பார்த்தான் என்று.

கையும் களவுமாகப் பிடிக்க ஒரே வழிதான் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஹாலில் நின்று போன் பண்ணினார். "நாளைக்கு நான் வரலைடா. இடுப்பு பிடிச்சுக்கிச்சு. நிமிரவே முடியலை."

"அடடா. எனக்கும் வேலைதான் மாமா. பேக்கரியில பெரிய ஃப்ரீஸர் நின்னு போச்சு. காலையிலேயே வரச் சொல்லிட்டாங்க."

அதையும் அவர் நம்பவில்லை. போனை வைத்தபோது சோபாவிலிருந்து மாமியார் குரல் வந்தது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மகள் வீட்டிலேயே தங்கிவிட்டவர் அவர். வேலைக் காலம் முழுவதும் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவர். தப்புப் பண்ணினால் டாக்டர்கள் கையில்கூடத் தட்டுவாராம் என்று மகள் சொல்வாள். ஆனால் மாப்பிள்ளையிடம் நேராக ஒரு வார்த்தை பேச மாட்டார். எதுவானாலும் மகள் வழியாகத்தான் வரும், மாப்பிள்ளை அதே அறையில் நின்றுகொண்டிருந்தாலும்.

"மாப்பிள்ளைக்கு இடுப்பு வலியாம்," என்றார் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "தைலத்தைச் சூடு பண்ணித் தேய்ச்சு விடு. நல்லா அழுத்தித் தேய்க்கணும்னு சொல்லு."

இல்லாத வலிக்கு அன்று மாலை மனைவி கையால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார் சர்வேயர். தோல் எரிந்தது. முனகக்கூட வேண்டியிருந்தது.

சனிக்கிழமை, இடுப்பு இளகக் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வண்டியின் பின்னால் ஏற்கனவே ஒளித்து வைத்த தூண்டிலோடும் கைவலையோடும் கிளம்பினார். மில்லுக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டு, மடுவுக்கு எதிரே ஒரு புதர் மறைவில் உட்கார்ந்தார். வெளிச்சம் வந்தது. ஓடைமேல் கிடந்த மூட்டம் கலைந்தது. யாரும் வரவில்லை. கால் மரத்துப்போனது. எறும்பு ஒன்று கழுத்துக்குள் இறங்கியது.

அப்போது வேர்களுக்கு முன்னால் தண்ணீரில் ஒரு வட்டம் விரிந்தது. சத்தமே இல்லை. பிறகு இன்னொரு வட்டம். பெரியவர் காலைச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்.

வேவு பார்க்க வந்தவருக்குக் கை நிற்குமா? வலையைப் புதரடியிலேயே போட்டுவிட்டு, குனிந்தபடி கரைக்குப் போனார். தூண்டில் நரம்பின் நுனியில் முள்ளை மறைத்துப் பழுப்பு இறகால் கட்டிய ஒரு பொய்ப்பூச்சி. முதல் வீச்சு கொஞ்சம் தள்ளி விழுந்தது. இரண்டாவது, வட்டம் விரிந்த இடத்துக்கு மேலே இறகு மாதிரி இறங்கி, தண்ணீரோடு மிதந்து வந்தது. ஒரு பெரிய மூக்கு எழும்பியது. பூச்சியைக் காணோம்.

கம்பைச் சுண்டினார். பூமியிலேயே மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அடுத்த நொடி பூமி நகர்ந்தது.

ரீல் கிறீச்சிட்டது. மீன் நேராக வேர்க்கூடையைப் பார்த்து ஓடியது. உள்ளே போய்விட்டால் நரம்பு அறுந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். கம்பைத் தண்ணீர் மட்டத்துக்குச் சாய்த்து, பக்கவாட்டில் பிடித்து இழுத்தார். கம்பு வில்லாக வளைந்து, அடிப்பிடி வரை நடுங்கியது. மீன் வேருக்கு ஒரு முழம் முன்னால் திரும்பியது. திரும்பிய வேகத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு முழு உடம்பும் வெளியே வந்து, புள்ளிகளெல்லாம் வெயிலில் மின்ன, சப்பென்று விழுந்தது. அவர் வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று அவருக்கே தெரியாது.

"மாமா!"

அதே கரையில் இன்னொரு புதரை விலக்கிக்கொண்டு மச்சினன் வந்தான். பேக்கரிக்குப் போகிற உடுப்பில் இல்லை.

"நீ ஃப்ரீஸர் பார்க்கப் போகலை?"

"நீங்க நிமிரவே முடியாம இருந்தீங்களே?"

"என்னை வேவு பார்க்க வந்தியா?"

"அப்ப நீங்க அந்தப் புதருக்குள்ள என்ன பண்ணினீங்க? தைல வாசனை ஓடை முழுக்க வருது மாமா. வந்த உடனே தெரிஞ்சு போச்சு."

மீன் மறுபடி ஓடியது. சர்வேயர் இரண்டடி தண்ணீருக்குள் இழுபட்டார். "வலை! நான் இருந்த புதருக்கு அடியில கெடக்கு. எடு!"

மச்சினன் வலையை எடுத்துக்கொண்டு, தண்ணீருக்குள் இறங்கி வந்தான். மீன் இப்போது அகலமான வட்டங்களாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கிட்டே வந்தது. மனிதனைப் பார்த்ததும் பதறிக்கொண்டு விலகியது. மச்சினன் ஒரு அடி எடுத்து வைத்தபோது கல் வழுக்கி, அவன் முழங்கால் தூண்டில் நரம்பில் உரசியது. கம்பு ஒரு கணம் லேசாகிப் போனது. சர்வேயர் அவசரமாக ரீலைச் சுற்றினார்.

"வேணும்னே பண்றியா? எனக்குக் கெடைக்கக் கூடாதுன்னு பண்றியா?"

மச்சினன் அப்படியே நின்றான். முகம் சிவந்துவிட்டது. "மாமா, ஒண்ணு என்னைத் திட்டுங்க, இல்லைன்னா மீனைப் பிடிங்க. ரெண்டும் ஒரே நேரத்துல ஆகாது."

கம்பு மறுபடி கனத்தது. மீன் போகவில்லை. சர்வேயர் வாயை மூடிக்கொண்டார்.

"வலையைத் தண்ணிக்குள்ளயே வச்சுக்கோ. அசைக்காதே. நான் அதைத் தலை முன்னாடி வர்ற மாதிரி உன்கிட்டக் கொண்டு வரேன்."

"சரி."

"வால் பக்கம் போயிடாதே."

"சரின்னேன்ல."

மீன் களைத்து ஒருக்களித்தது. கம்பை உயர்த்திக்கொண்டே பின்னால் நடந்தார். பெரியவரின் தலை, பிறகு செவுள், பிறகு முடிவே இல்லாத உடம்பு, வலைக்கு மேலே மிதந்து வந்தது. "இப்ப!" என்றார். மச்சினன் வலையைத் தூக்கினான். வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இடது கையால் அதையும் அணைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கி வருகிறவன் போல அவன் கரைக்கு ஓடி வந்தான். இருவரும் ஈரப் புல்லில் பொத்தென்று உட்கார்ந்தார்கள். மச்சினன் சிரிக்க ஆரம்பித்தான். சர்வேயருக்கும் சிரிப்பு வந்து, அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

முள்ளைக் கழற்ற மீனின் வாயைத் திறந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

அவருடைய பழுப்புப் பூச்சி வலது ஓரத்தில் இருந்தது. இடது ஓரத்தில், தாடைக்குள் ஆழமாக, இன்னொரு முள். மஞ்சள் கம்பளி நூலில் உடம்பு, கறுப்பு நூலில் கழுத்து. அறுந்த நரம்பு கொஞ்சம் தொங்கிக்கொண்டிருந்தது. புது முள். துருகூட ஏறவில்லை.

"இது உன்னோடதுதானே?" என்றார் சர்வேயர்.

"நான் உங்களோடதுன்னு நினைச்சேன்." மச்சினன் குனிந்து பார்த்தான். "நான் பூச்சி கட்டி நீங்க என்னைக்காவது பாத்திருக்கீங்களா? எனக்கு ஷூ லேஸே ஒழுங்கா நிக்காது."

அது உண்மைதான். கழுத்து முடிச்சு அவ்வளவு சின்னதாக, அவ்வளவு இறுக்கமாக இருந்தது. நுனியைக்கூட ஒட்ட நறுக்கியிருந்தார்கள். இந்த வேலை மச்சினன் கைக்கு வராது. இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது, மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார் என்று. அந்த ஆள் பெரியவரைத் தொட்டுவிட்டிருக்கிறார். இருவரும் திரும்பி மில்லின் உடைந்த ஜன்னல்களைப் பார்த்தார்கள்.

"விட்டுடலாமா மாமா?" என்றான் மச்சினன், மீனின் செவுள் மூடித் திறப்பதைப் பார்த்தபடி. "வயசான மீன்."

"விட்டுட்டு வீட்டுல போய் என்ன சொல்றது? ஆதாரம் இல்லாம யாரு நம்புவாங்க?" என்று சொல்லி, ஒரு கட்டையை எடுத்தார் சர்வேயர்.

ஆதாரம் இருந்தும் யாரும் நம்பவில்லை. சமையலறை மேடையில், பாத்திரம் கழுவும் தொட்டியில் அடங்காமல் வால் மடங்கிக் கிடந்த மீனை மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"எந்தக் கடையில வாங்கினீங்க?"

"கடையா! ஓடையில பிடிச்சேன்."

"இடுப்பு வலின்னு அரை பாட்டில் தைலத்தை என் கையால தேய்ச்சுக்கிட்டவர்தானே நீங்க? நடக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனவர்தானே?"

"வேணும்னா இவனைக் கேளு. இவன்தான் வலை பிடிச்சான்."

"இவனா? நல்ல சாட்சி. ஏண்டா, காலையிலேர்ந்து பேக்கரிக்காரர் எனக்குப் போன் பண்ணிட்டே இருக்காரு, உங்க தம்பி எங்கேன்னு."

சர்வேயருக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருஷமாக எதிரில் நின்று, நிஜமாத்தான் சார், நிஜமாத்தான் சார் என்று சொன்னவர்களில் எத்தனை பேர் உண்மையைச் சொல்லியிருப்பார்கள் என்று முதல்முறையாகத் தோன்றியது.

கைத்தடி சத்தம் கேட்டது. மாமியார் உள்ளே வந்தார். மூன்று பேரையும் விலக்கிக்கொண்டு தொட்டி அருகே போனார்.

இடிபட்ட வண்டியைக் காட்டும்போது சர்வேயர் முதலில் வண்டியைப் பார்ப்பதில்லை, ஆட்களின் கண்ணைப் பார்ப்பார். சேதம் எங்கே என்று யாரும் சொல்வதற்கு முன்பே கண் அங்கே போகிறவனுக்கு அது எப்படி வந்தது என்று தெரியும். வாசலில் இந்த மீனைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர், உள்ளே மனைவி எல்லோருடைய கண்ணும் முதலில் நீளத்துக்குப் போய், வாலில் நின்றது. மாமியார் வாலைப் பார்க்கவே இல்லை. தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டைவிரலால் மீனின் வாயைத் திறந்து, நேராக இடது ஓரத்தைத்தான் பார்த்தார்.

முள்ளைக் கழற்றிய இடத்தில் சின்ன ஓட்டை இருந்தது. அதை விரலால் தடவினார்.

சர்வேயரின் கண் சுவரில் சாய்ந்த தடியின் நுனிக்குப் போயிற்று. வட்டமான ரப்பர் நுனி. அதன் ஓரத்தில் காய்ந்த மண். மத்தியானங்களில் முழங்காலுக்குப் பயிற்சி என்று சொல்லிவிட்டு மாமியார் தினமும் வெளியே போய்வருவது நினைவுக்கு வந்தது. சட்டைப்பையிலிருந்து மஞ்சள் பூச்சியை எடுத்து, மேடையில் வைத்தார்.

"அத்தை," என்றார். "இது உங்களோடதா?"

மச்சினன் வாயைப் பிளந்தான். மாமியார் பூச்சியை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு வழக்கம்போல மகளிடம் சொன்னார். "என்னோடதுதான்னு சொல்லு."

"அம்மா!"

"இவங்க ரெண்டு பேரும் ஹால்ல நின்னுக்கிட்டுப் மில்லு மடு, பெரியவர், பெரியவர்னு குசுகுசுன்னு பேசுவாங்க. எனக்கு முழங்கால்தான் போச்சு, காது போகலை. யாரு அந்தப் பெரியவர்னு பார்த்துட்டு வரலாம்னு போனேன். பார்த்ததும் விட மனசு வரலை. பரண்ல உன் வீட்டுக்காரரோட பழைய கம்பு ஒண்ணு கெடந்தது. தியேட்டர்ல முடிச்சுப் போட்ட கைக்குப் பூச்சி கட்டறது பெரிய விஷயமா?"

"ஆபரேஷன் பண்ணின காலை வச்சுக்கிட்டு ஓடையிலயா இறங்கின?"

"இறங்கலை. கரையிலதான் நின்னேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அது இழுத்த இழுப்புல உக்காந்துட்டேன். தண்ணியிலதான். உக்காந்தபடியே பிடிச்சுப் பார்த்தேன். வேருக்குள்ள போய் அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு. துணியெல்லாம் நனைஞ்சு, பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன்."

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரே சமயத்தில் மூன்று பேரையும் திட்ட வேண்டியிருந்ததில் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஏம்மா எங்கிட்ட சொல்லலை?" என்றான் மச்சினன்.

"சொன்னா விடுவீங்களா? காலையில எல்லாரும் கிளம்பிப் போயிடறீங்க. சாயங்காலம் வந்து, மாத்திரை போட்டாச்சா, மெதுவா நட, உக்காரு, எழுந்திரிக்காதே. எல்லாரும் எனக்கு விட்டுக் குடுத்துக்கிட்டே இருக்கீங்க. அது ஒண்ணுதான் விட்டுக் குடுக்காம இழுத்தது."

மாமியார் மீனின் முதுகை ஒருமுறை தடவினார். "கொன்னுருக்க வேண்டாம்," என்றார். "நான் பிடிச்சிருந்தா விட்டிருப்பேன்."

பிடிக்காதவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று சர்வேயர் மனதில் நினைத்துக்கொண்டார். ஆனால் மத்தியானம், உப்பும் மிளகும் போட்டு வறுத்த மீன் மேஜைக்கு வந்தபோது மாமியார் தன் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார். சர்வேயருக்கும் அன்று அவ்வளவாக இறங்கவில்லை.

மற்றவர்கள் சாப்பிட்டு முடித்து எழுந்தபோது மாமியார் மகள் பக்கம் திரும்பி, பிறகு என்ன நினைத்தாரோ, நேராகவே சொன்னார்.

"மாப்பிள்ளை, மில்லுப் பாலத்துக்கு மேல, ஓடையில ஒண்ணும் இல்லை. நான் பார்த்துட்டேன். வீணா அலையாதீங்க."

முதல்முறையாகத் தன்னிடம் நேராகப் பேசியதில் சர்வேயருக்கு மனசு நெகிழ்ந்துதான் போயிற்று. கை கழுவும்போதுதான் உறுத்த ஆரம்பித்தது. பாலத்துக்கு மேலே என்று யார் கேட்டார்கள்?

அடுத்த சனிக்கிழமை மகள் தலையாட்டும் வரை காத்திருந்து, மாமியாரையும் அந்தப் பழைய கம்பையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். மகள் ஒரு மடக்கு நாற்காலி, தலையணை, மாத்திரை டப்பா எல்லாம் கொடுத்தனுப்பினாள். பாலத்தருகே வண்டியை நிறுத்தியதும் மாமியார் சொன்னார், "நீங்க ரெண்டு பேரும் மடுவுக்குப் போங்க. என்னால பள்ளத்துல இறங்க முடியாது. இங்கேயே காத்து வாங்கிட்டு உக்காந்திருக்கேன்."

நாற்காலியைப் போட்டு, தலையணை வைத்து, உட்கார வைத்துவிட்டு இருவரும் கீழே போனார்கள். மடு காலியாகத் தெரிந்தது. மச்சினன் நரம்பைக் கோத்துக்கொண்டிருந்தான். சர்வேயர் திரும்பிப் பார்த்தார். பாலத்தில் நாற்காலி இருந்தது. தலையணை இருந்தது.

"உங்க அம்மா எங்கடா?"

இருவரும் தூண்டிலைக் கரையிலேயே விட்டுவிட்டு மேலே ஓடினார்கள். வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. பழைய கம்பைக் காணோம். பாலத்துக்கு அந்தப் பக்கம், ஓடைக் கரையோரமாக, வட்ட வட்டமாகக் குழிகள் போயின. புதர்களைத் தாண்டி, தண்ணீர் ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு விழுகிற இடத்தில், மாமியார் கல்மேல் உட்கார்ந்திருந்தார். கம்பு மடியில். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் நாற்பது வயது குறைந்திருந்தது.

"ஒண்ணும் இல்லைன்னு சொன்னேனே," என்றார்.

சர்வேயர் அவர் கையைப் பார்த்தார். வலது கை முழங்கை வரை நனைந்து, சொட்டிக்கொண்டிருந்தது. மீனைத் தண்ணீருக்குள் பிடித்து, மூச்சு திரும்பும் வரை வைத்திருந்து, பிறகு விடுகிறவர்களுக்குத்தான் கை அப்படி நனையும். பாறைக்குக் கீழே தண்ணீர் இன்னும் கலங்கலாக இருந்தது.

"பிடிச்சு விட்டுட்டீங்களா, அத்தை?"

"எதை?" என்றார் மாமியார்.

"பெருசா? அதைவிடப் பெருசா?"

மாமியார் தடியை ஊன்றி எழப் பார்த்து, முடியாமல், கையை நீட்டினார். சர்வேயர் பிடித்துத் தூக்கினார். கையில் மீன் வாடை அடித்தது. மூன்று பேரும் மெதுவாகப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். வழி முழுக்க சர்வேயர் கேட்டுக்கொண்டே வந்தார். முழங்கால் இன்று எவ்வளவோ பரவாயில்லை என்று மட்டும் மாமியார் மகனிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.